மரச்சுவரின் பச்சையும் கறுப்பும்

சென்னையில் ஒரு வருடத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்குப் பேர்போன அமெரிக்க நகரமான சியாட்டிலில் சுமார் 1000 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த மழை அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். வருடத்தில் ஏறக்குறைய 150 நாள் ஈரம். வெயில் சரியாகத் தலைகாட்டாத அந்த மாதங்களில் நனைந்த எதுவும் லேசில் காயாது. அந்த ஊரின் பழைய வீடுகள் பலவற்றுக்கு வெளிச்சுவரே மரப்பலகைதான். அதில் படியும் பச்சையையும் கறுப்பையும் சுவருக்குச் சேதமில்லாமல் கழுவுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

மேல் பலகையின் கீழ் விளிம்பு அடுத்த பலகையின் தலையை மூடும்படி வரிசையாக அடித்த சுவர் அது. மேலிருந்து விழும் தண்ணீர் வெளிப்பக்கமாகவே வழிந்துவிடும். பலகைக்குப் பெரும்பாலும் வெஸ்டர்ன் ரெட் சீடர் மரத்தைத்தான் எடுப்பார்கள். அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான கோஸ்ட் சேலிஷ் மக்கள் இதே மரத்தைப் பலகையாகப் பிளந்து நீளநீளமான கூட்டு வீடுகளைக் கட்டினார்கள். விவரம் தெரிந்தவர்கள்! இந்த மரத்தின் வைரத்தில், அதாவது உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியில், துஜாப்ளிசின் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைகளுக்கு அவை விஷம். ஆனால் வருடக்கணக்கில் மழை பட்டால் மேற்பரப்பில் இருப்பவை மெல்லக் கரைந்து போய்விடும். அதன்பிறகு பலகையின் மேல்தோல் யார் வேண்டுமானாலும் குடியேறக்கூடிய இடம்.

யார் குடியேறியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கழுவ இறங்குவதில்தான் பாதிச் சேதம் நடக்கிறது. வடக்குச் சுவரில் படரும் பச்சை, பாசி. சியாட்டிலில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானில்தான் சாய்ந்து நிற்கும், அதனால் வடக்குச் சுவர் லேசில் காயாது. பாசி மரத்தைத் தின்னாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மிளகைத் தூவிவிட்டது மாதிரி இருக்கும் கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன. ஆரியோபசிடியம் என்ற பூஞ்சை அந்தச் சிதைவுகளைத் தின்றே வளரும். சிதைந்த லிக்னின் மழையில் போனபின் மிஞ்சும் செல்லுலோஸ் நார்தான் பழைய மரத்தின் சாம்பல் நிறம். அது அழுக்கே இல்லை. வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, சுரண்டினால் மரம்தான் போகும்.

ஆணிக்குக் கீழே நீலக்கறுப்பாக வழியும் கோடு வேறு ரகம். மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறை அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் ஊரில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். காசு கொடுத்துக் காய்ச்ச வேண்டியது இங்கே சுவரில் இலவசமாக வருகிறது. மை அழியாமல் இருப்பதுதான் அதன் பெருமை என்பதால், சோப்பு போட்டுத் தேய்ப்பது வீண்.

எது எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கறுப்பின் மேல் ஒரே ஒரு சொட்டு வீட்டு பிளீச் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. அப்படியே இருந்தால் சாதாரணத் தூசியோ இரும்புக் கறையோ.

சரி, கழுவுவது எப்படி? பலர் முதலில் கை வைப்பது, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரில். வீட்டுக் குழாயில் தண்ணீர் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு அழுத்தத்தில் வருகிறது. இந்த இயந்திரம் 2000 பவுண்டுக்கு மேல் தரும். மரத்தின் ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த பகுதி மென்மையாகவும், கோடையின் பிற்பகுதியில் வளர்ந்தது கெட்டியாகவும் இருக்கும். அவ்வளவு வேகத்தில் அடிக்கும் தண்ணீர் மென்மையானதைத் தோண்டிவிட்டுக் கெட்டியானதை வரப்பு வரப்பாக நிறுத்திவிடும். இயந்திரம் இல்லாமல் வெயிலும் மழையும் மட்டும் பலகையை அரிக்கும் வேகம் நூறு வருடத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். இயந்திரம் அடித்துக் கிளர்ந்து நிற்கும் நார்களில் பூஞ்சை இன்னும் வசதியாகப் பிடித்துக்கொள்ளும்.

இதைவிட மோசமானது, உள்ளே போகும் தண்ணீர். கீழே நின்று அண்ணாந்து பீய்ச்சும்போது தண்ணீர் பலகை இடுக்குகள் வழியே மேல்நோக்கி ஏறிச் சுவருக்குப் பின்னால் போய்விடுகிறது. அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால், மேலே புள்ளி வைக்கும் பூஞ்சையல்ல, மரத்தையே மக்க வைக்கும் பூஞ்சை வேலையைத் தொடங்கும். வெளியே பளிச்சென்று இருக்கும் சுவர், உள்ளே மெத்தென்று ஆகிக்கொண்டிருக்கும்.

அழுத்தம் செய்யும் வேலையை நேரத்திடம் விட்டுவிடலாம். சோடியம் பெர்கார்பனேட் என்ற வெள்ளைத் தூள் தண்ணீரில் கரைந்ததும் சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். பெராக்சைடு பூஞ்சையின் நிறத்தை அழித்து, அதன்பின் வெறும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாறிவிடும். சோடா அழுக்கைக் கிளப்பும். சாதாரண பிளீச்சும் பூஞ்சையைக் கொல்லும்தான், ஆனால் அடர்த்தியாக விட்டால் லிக்னினையும் அரித்து நாரைப் பஞ்சாக்கும். நான் பெர்கார்பனேட் பக்கம். சுவரையும் சுற்றியுள்ள செடிகளையும் முதலில் நனைத்துவிட்டு, கரைசலைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும். மேலிருந்து பூசினால் உலர்ந்த பலகையில் வழிந்து கோடு விழும். பத்துப் பதினைந்து நிமிடம் காயாமல் பார்த்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் மரநார் ஓடும் திசையிலேயே தேய்த்து, சாதாரண ஹோஸ் குழாயால் மேலிருந்து கீழாக அலசினால் போதும். சோடா பட்டு சீடர் கொஞ்சம் கறுத்துப்போகும். அதற்கும் அந்த ஆணிக் கோட்டுக்கும் ஆக்சாலிக் அமிலக் கரைசல்தான் மருந்து. அது இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி வெளியே கொண்டுவந்துவிடும். ஆணி துருப்பிடிக்காத எஃகாக மாறாதவரை கோடு திரும்ப வரும் என்பது வேறு கதை.

ஆக்சாலிக் அமிலம் நச்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. பிளீச்சோடு எந்த அமிலம் கலந்தாலும் குளோரின் வாயு, அம்மோனியா கலந்தால் குளோரமைன். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்ப்பவை. 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அந்த வருடம்தான் அமெரிக்கா வீட்டு பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது. பரிசோதிக்காமல் அந்தச் சுவரைச் சுரண்டினாலோ பீய்ச்சி அடித்தாலோ ஈயம் முற்றத்து மண்ணில் இறங்கும், குழந்தைகள் விளையாடுவது அங்கேதான். அப்புறம், கழுவின தண்ணீரைத் தெருவோர வடிகாலில் விட வேண்டாம். சியாட்டிலில் பல வடிகால்கள் சுத்திகரிப்பு ஏதுமில்லாமல் ஏரிகளுக்கும் சால்மன் மீன் வாழும் பியூஜெட் சவுண்ட் கடலுக்கும்தான் போகின்றன.

இதற்கெல்லாம் சரியான காலம் ஜூலை, ஆகஸ்ட். அப்போதுதான் பலகை நிஜமாகக் காயும். பெயிண்ட் அடிக்குமுன் ஈரமானி வைத்துப் பார்த்து, 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் சுவரை உரசும் செடிகளை வெட்டலாம், கூரை விளிம்புக் கால்வாயில் அடைத்த இலைகளை எடுக்கலாம், கடைசிப் பலகைக்கும் மண்ணுக்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கலாம். பளபளப்புக்காகச் சிலர் வெறும் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறார்கள். பூஞ்சைக்கு அது நல்ல தீனி. பூசியே தீருவதென்றால், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள்.