வானம் தோண்டும் முன் பாலிசியைத் தேடுங்கள்

காப்பீட்டுக்காகச் சேதம் மதிப்பிட இந்தச் சாரல் பருவத்தில் நான் போன நான்காவது வீடு இது. தென்காசி மாவட்டத்துப் புளியரைப் பக்கம், ஓட்டு வீடு. பில்லர் போட்டு மாடி எழுப்புவதற்காகப் பழைய சுவரை ஒட்டியே பொக்லைன் விட்டு ஐந்தடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் விடியற்காலையில் சுண்ணாம்புச் சுவர் குழிக்குள் சரிந்துவிட்டது. நான் போனபோது அடுப்படி அலமாரி நனைந்துகொண்டிருந்தது. அதில் புளிப்பானை மட்டும் உடையாமல் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்து நீட்டினார். "எட்டு வருடமாகக் கட்டுகிறேன் சார்."

பாலிசி இருந்தால் வீட்டுக்கு என்ன ஆனாலும் பணம் வரும் என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! வராது. அதில் பெயர் சொல்லி எழுதியிருக்கும் ஆபத்துகளுக்குத்தான் வரும்: தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு போன்றவை. "மண் சரிந்துதானே சுவர் விழுந்தது?" என்று உடனே கேட்பார்கள். நிலச்சரிவு என்று போட்டிருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் படியுங்கள். இடிப்பு, கட்டுமானம், கட்டட மாற்றம், தோண்டும் வேலை இவற்றால் வந்த சேதத்துக்குக் கிடையாது என்று இருக்கும். மலை தானாகச் சரிந்தால் உண்டு. நீங்கள் தோண்டிச் சரிந்தால் இல்லை.

மழையும் அப்படித்தான். ஆடி பிறக்கும் முன் தொடங்கிவிட வேண்டுமென்று வைகாசிக் கடைசியில் ஓட்டைப் பிரித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறீர்கள். ஜூனில் சாரல் வராமல் வேறு எது வரும்? தார்ப்பாய்க் கிழிசலில் ஒழுகியது புயலும் அல்ல, வெள்ளமும் அல்ல. ஆரியங்காவு தாண்டிப் போனால் இதையே மலையாளத்தில் சொல்கிறேன். அங்கேயும் அதே முகம்தான்.

2021 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் கட்டடத் தொகை என்பது கார்பெட் பரப்பையும் (சுவர்களுக்குள் இருக்கும் தரைப் பரப்பு) கட்டுமானச் செலவையும் பெருக்கி வருவது. நிலத்தின் விலைக்கு அதில் இடமில்லை. மாடி ஏறினால் பரப்பு கூடுகிறது. நீங்கள் சொல்லாதவரை அந்த மாடி கணக்கில் வராது.

ஆகவே வேலைக்கு முன்பே கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது செல்லாது. வரைபடத்தையும் மதிப்பீட்டையும் இணைத்து, பாலிசியில் மாற்றத்தைச் சேர்த்துத் தரும் எண்டார்ஸ்மென்ட் கையில் வந்த பிறகு பொக்லைனைக் கூப்பிடுங்கள். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் காண்ட்ராக்டரிடம் கட்டுமான வேலையின்போது வரும் சேதத்துக்கான 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்திலிருக்கும் பழைய கட்டடம் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூலியாட்களுக்குத் தனிப் பாலிசி வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவருக்கு வீட்டுப் பாலிசி உதவாது. குடும்பத்தோடு வாடகை வீட்டுக்குப் போகிறீர்களா? வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பல பாலிசிகளில் சிக்கல் வரும். தயவுசெய்து அதையும் சொல்லிவிடுங்கள். இடிக்கும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் பாடும் குறையும்.

கிளம்பும்போது பார்த்தேன்: கிழக்குச் சுவரை ஒட்டியும் அதே போல் வானம் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள், மழையில் பாதி கரைந்திருந்தது. முட்டுக் கொடுக்காமல் அங்கே மண்வெட்டி படக்கூடாது என்று மேஸ்திரியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.