முதன்மை ஆதாரமா, முதற்சான்றா?

“காட்சி முதன்மை ஆதாரம் ஒன்றைத் தேர்வு செய்து, அதனைப் பகுப்பாய்வு செய்க.” கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்கான கேள்வித்தாளில் இந்த வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நகல் எடுத்து, தட்டச்சு செய்து, கட்டுரைகளுக்கு அட்டை போட்டுக் கொடுக்கும் கடை எங்களுடையது. சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலிருந்தும், தோட்டம் அழிந்து தாமான் என்கிற குடியிருப்பாகிவிட்ட இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். கேள்வியைப் படித்துவிட்டு, “அங்கிள், முதன்மைன்னா ரொம்ப முக்கியமானதுதானே?” என்பார்கள். தமிழ் தெரிந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? கேள்வித்தாள் கேட்பதோ, ஆராயும் காலத்திலேயே உண்டான ஒரு படத்தை.

இதனால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 1930களில் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை எப்படி இருந்தது என்பது ஒருவரின் தலைப்பு. அவர் கொண்டுவந்த ‘முதன்மை ஆதாரம்’ ஒரு சுற்றுலாக் கையேட்டின் பளபளப்பான வண்ணப் படம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண், புதுச் சேலை, பல் தெரியும் சிரிப்பு. இன்னொருவர் சயாம் மரண ரயிலைப் பற்றி எழுதினார். பாலமும் ஆறுமாகப் பிரமாதமான படம் ஒன்றை ஒட்டியிருந்தார். அது 1957இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் காட்சி. எடுத்த இடம் இலங்கை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் அந்த ரயில் பாதை போட்டது 1942, 43இல். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்கள் அங்கே போய் மடிந்தார்கள். படத்தின் கதையோ பிரிட்டிஷ் போர்க் கைதிகளைப் பற்றியது. பிள்ளையைக் கேட்டால், “இதுதான் அங்கிள் எல்லாரும் போடுற முதன்மையான படம்” என்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. தப்பு, சொல்லிக் கொடுத்த சொல்லில்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘பிரைமரி சோர்ஸ்’. முன்பாதி, முதலாவது என்று பொருள்படும் லத்தீன் ‘பிரீமுஸ்’ என்பதிலிருந்து வந்தது. பின்பாதி, மேலெழுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து நீரூற்றைக் குறித்தது. ஜெர்மானியர்கள் இதற்குச் சொல்லும் ‘க்வெல்லே’யும் ஊற்றுதான். 19ஆம் நூற்றாண்டில் ராங்கே போன்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர்கள்தான், பிறகு வந்தவன் எழுதியதை விடு, ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்தக் காலத்துத் தாளைப் பார் என்று இதை ஒரு முறையாகவே வளர்த்தார்கள். இடைநிலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் மலாயில் படிக்கிற ‘சும்பெர்’ என்ற சொல்லுக்கும் ஊற்று, கிணறு என்ற பொருள் உண்டு. ஆக, எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறோமோ அந்தக் காலத்திலேயே, அங்கே இருந்தவர்களால் உண்டான பொருள். அவ்வளவுதான். அது முக்கியமானதா, அழகானதா, பேர்பெற்றதா என்ற பேச்சே இதில் இல்லை.

இப்போது ‘முதன்மை’க்கு வருவோம். முதன்மைச் செயலாளர், முதன்மை விருந்தினர், முதன்மைப் பங்கு. எங்கே பார்த்தாலும் அது தலைமையைக் குறிக்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதில் என்னோடு விடாமல் சண்டை போடுவார். “முதல் என்பதோடு மை சேர்ந்தால் முதன்மை. முதலாக இருக்கும் தன்மை. இதில் என்னய்யா குற்றம்?” என்பார். பிறப்பில் குற்றம் இல்லைதான். ஆனால் சொல் பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லையே. இன்றைக்குத் தமிழ் படிக்கிறவன் காதில் முதன்மை என்று விழுந்தால் வரிசையில் முன்னால் பிறந்தது என்று தோன்றாது. மற்றதையெல்லாம்விட உயர்ந்தது என்றுதான் தோன்றும். லத்தீன் சொல்லிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு என்று அவர் மடக்குவார். சரி, இருக்கட்டும். அங்கே இருந்த குழப்பத்தை மெனக்கெட்டு இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டுமா?

அடுத்தது ‘ஆதாரம்’. நீர் ஆதாரம், வாழ்வாதாரம், போலீஸ் தேடும் ஆதாரம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். வழக்கை நிரூபிப்பது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதால், ‘முதன்மை ஆதாரம்’ என்றதும் பிள்ளைகள் தாங்கள் முன்பே முடிவு செய்த கருத்துக்குப் பலம் சேர்க்கும் படத்தைத் தேடிப் போகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டுக் கருத்துக்கு வர வேண்டும் என்பது தலைகீழாகிவிடுகிறது.

‘மூலம்’ என்று போடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். மூலப்பிரதி என்ற வழக்கு இருப்பதால் பொருள் கிட்டத்தட்டச் சரியாகவே வருகிறது. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. வடசொல் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஆளில்லை நான். இடைஞ்சல் வேறு. ‘வழியாக’ என்ற பொருளிலும் நாம் ‘மூலம்’ போடுகிறோம். “முதன்மை மூலத்தின் மூலம் அறியப்படுகிறது” என்று ஒரு கட்டுரையில் என் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். நோயின் பெயரும் அதுவே என்பதைச் சொல்லி இளசுகள் சிரிப்பது தனி. ‘முதல்நிலை’ என்றாலோ, பெரிய தேர்வுக்கு முன் நடக்கும் முதல்நிலைத் தேர்வு ஞாபகம் வந்து, ஏதோ தொடக்கப் படி போலத் தெரிகிறது.

இதில் இன்னொரு முடிச்சும் விழுந்திருக்கிறது. சமூகவியல், வணிகம் படிக்கிறவர்கள் ‘முதன்மைத் தரவு’ என்று சொல்வது, ஆய்வாளர் தாமே களத்தில் இறங்கித் திரட்டியது. வரலாற்றுக்காரர் சொல்வது வேறு. இரண்டுக்கும் தமிழில் ஒரே அடைமொழி போட்டு வைத்ததால், ஒரு மாணவர் பழைய தோட்டத்துக்குப் போய், ஓடு சரிந்து புல் மண்டிக் கிடக்கும் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, கைப்பேசியில் படம் பிடித்து வந்து, 1930களின் லயத்து வாழ்க்கைக்கு இதுவே முதன்மை ஆதாரம் என்று எழுதுகிறார். நானே எடுத்தது, அதனால் முதன்மை என்பது அவர் கணக்கு. கைவிடப்பட்ட லயங்களின் இன்றைய நிலையைப் பற்றிய கட்டுரையாக இருந்தால் அந்தப் படம் பொருத்தம். 1930ஐப் பற்றிக் கேட்டால் பொருந்தாது. ஒரு படம் எதற்குச் சான்று என்பதை நாம் கேட்கும் கேள்விதான் தீர்மானிக்கிறது. அந்தத் திரைப்படக் காட்சியும் அப்படியே. 1950களின் சினிமாக்காரர்கள் சயாம் ரயிலை எப்படி நினைத்துப் பார்த்தார்கள் என்ற கட்டுரைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இவ்வளவு திட்டினால் மாற்று என்ன என்று கேட்பீர்கள். அது நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. “முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்” என்கிறது நன்னூல். முதல்நூல், வழிநூல், சார்புநூல். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், “பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி” வருவது வழிநூல் என்று அதற்கு விளக்கமும் தருகிறது. பிறகு வந்த வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைப் படித்து, தம் கருத்தையும் சேர்த்து எழுதும் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எங்கே போய்த் தேடுவது? ஆகவே முதற்சான்று, வழிச்சான்று, சார்புச்சான்று. மூன்றாவது, கலைக்களஞ்சியம் போன்ற தொகுப்புகளுக்கு. ‘இரண்டாம் நிலை ஆதாரம்’ என்ற தரக்குறைவான பெயரும் இதில் ஒழிந்துவிடும். வழிச்சான்று இரண்டாந்தரச் சரக்கு இல்லை, வழிவந்தது.

இங்கேயும் ஆசிரியர் விடவில்லை. முதல்நூல் என்பது வினையின் நீங்கிய முனைவன், அதாவது இறைவன், கண்டது, குற்றமே இல்லாதது. மனிதன் எடுத்த போட்டோவுக்கு அந்த மரியாதையா என்றார். நல்ல கேள்வி. நான் அங்கிருந்து எடுத்துக்கொள்வது வரிசை முறையை மட்டும்; தெய்வத்தன்மையை அங்கேயே விட்டுவிடுகிறேன். அதோடு, ‘முதல்’ என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் வேறொரு வேலையும் கொடுத்திருக்கிறது. அகத்திணையில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். ஒரு படம் முதற்சான்றா என்று பார்க்க நாம் கேட்க வேண்டிய இரண்டு கேள்வியும் அவைதாம்: எந்த இடம், எந்தக் காலம்? அந்த ஆசிரியர் பிள்ளைகளுக்குக் குறிஞ்சி, முல்லை நடத்தும்போது சொல்லிக்கொடுத்ததையேதான் நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

‘காட்சி’ என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. மாலைக் காட்சி, சண்டைக் காட்சி என்று அது சினிமாவோடு பழகிப்போன சொல். காட்சி ஆதாரம் என்றதும் பிள்ளை யூடியூபுக்குப் போகிறது. படச்சான்று போதும். போட்டோ, ஓவியம், வரைபடம், அஞ்சலட்டை, சுவரொட்டி, ரூபாய் நோட்டு எல்லாம் அதில் அடங்கும். போட்டோதான் உண்மை, ஓவியம் கற்பனை என்ற நினைப்பும் உதவாது. சயாம் ரயிலுக்கே வருவோம். போர்க் கைதியாக அங்கே கிடந்த ரோனல்ட் சேர்ல் என்ற ஆங்கிலேயர் ஒளித்து மறைத்து வரைந்த படங்கள் இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கையால் வரைந்தவை, ஆனாலும் முதற்சான்று. சினிமாப் படம் காமிராவில் எடுத்தது. ஆனாலும் அந்தப் போருக்கு அது முதற்சான்று ஆகாது.

நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. மரம் முதற்சான்று. அதன் முன்னால் வைத்திருக்கும் பலகை வழிச்சான்று. பலகையோடு சேர்ந்து நாம் எடுத்துக்கொள்ளும் செல்ஃபி, நம் வயிற்றின் அளவுக்கு மட்டும் முதற்சான்று.

வீட்டுத் தகரப் பெட்டியிலும் நிறைய இருக்கிறது. பிள்ளைகளுக்குத்தான் அதெல்லாம் ‘முதன்மை’யாகத் தெரிவதில்லை. ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சடித்திருக்கும்; அந்த ஆட்சியைப் பற்றி எழுத அது போதுமான படச்சான்று. இதே ஊர்ப் பக்கம் 1948 ஜூன் 16ஆம் தேதி தோட்டங்களை நடத்திய மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி, கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டே படத்தோடும் கைநாட்டோடும் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். பாட்டியின் பழைய அட்டையில் இருக்கும் அந்தச் சின்னப் படம், அரசாங்கம் தோட்டத்து மக்களின் முகத்தை ஏன் பதிவு செய்ய விரும்பியது என்ற கேள்விக்கு நேரே கொண்டுபோய் விடும். அழகான படம் இல்லை. பாட்டி பயந்துபோய் முழிப்பார்.

கம்பெனி ஆல்பத்துப் படங்களும் முதற்சான்றுதான், ஆனால் கேள்வி கேட்காமல் நம்பக் கூடாது. யார் காசு கொடுத்து எடுத்தது? துரை நாற்காலியில், கணக்கெழுதும் கிராணி பக்கத்தில், வேலை வாங்கும் கங்காணி கைகட்டி, தொழிலாளர் பின்வரிசையில் வாளியோடு. இந்த வரிசையை யார் நிறுத்தியது? அன்றைய காமிராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பிரட்டோ விடிவதற்கு முன் இருட்டில் நடக்கும். ஆகவே நம் ஆட்களின் நாள் தொடங்கும் நேரமே ஆல்பத்தில் விழாமல் போக இடமுண்டு. படத்தில் இல்லாததையும் எழுதுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். படத்தின் பின்பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய ஆண்டு, யாருக்கு அனுப்பியது, எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பக்க நகலுக்கு நான் காசு வாங்குவதில்லை.

இந்த மொழிபெயர்ப்பு வரிகளை யார் எழுதுகிறார்கள் என்றே புரியவில்லை. இயந்திரத்தில் போட்டு எடுத்தது போல ‘தேர்வு செய்து’, ‘பகுப்பாய்வு செய்து’ என்று எல்லாவற்றுக்கும் ஒரு ‘செய்து’. தேர்ந்தெடுத்து, ஆராய்ந்து என்றால் குறைந்தா போய்விடும்? அந்தக் கேள்வியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “நீங்கள் ஆராயும் காலத்தில் உண்டான ஒரு படத்தை முதற்சான்றாக எடுத்துக்கொண்டு, அது என்ன காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று ஆராய்க.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படித்த பிள்ளை சுற்றுலாக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வராது.

முதல் சான்று என்று பிரித்து எழுதினால், ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கையில் முதலாவது என்று ஆகிவிடும் என்கிறார்கள். ஆகும். அதனால்தான் முதற்பொருள் போலச் சேர்த்து, முதற்சான்று என்று எழுதச் சொல்கிறேன். கணினியின் பிழைதிருத்தி அதன் அடியில் சிவப்புக் கோடு போட்டால், போட்டுவிட்டுப் போகட்டும்.

போன வாரம் புதிதாக ஒன்று வந்தது. பழுப்பேறிய நிறம், ஓரம் கிழிந்தது போன்ற தாள், கையில் வாளியோடு ஒரு குடும்பம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய ‘1930 தோட்டப் படம்’. இது முதலா, வழியா, சார்பா என்று அந்தப் பெண் கேட்டாள். மூன்றும் இல்லம்மா, இது சான்றே இல்லை என்றேன். மதிப்பெண் குறையுமா என்று கேட்டாள்.