ரோமிங் பில் எகிறிவிட்டதா? கவுண்டரில் சொல்லாத விஷயங்கள்

இந்தியாவில் ஊருக்குப் போய், நம் சிம்மையே அங்கும் பயன்படுத்திவிட்டு (அதுதான் ரோமிங்) வந்தவர்கள் போன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்போது சாதாரணமாகிவிட்டது. திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனவர், பழனிக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போனவர், மகனைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னைக்குப் போனவர் என்று பலரும் இதில் மாட்டுகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். அதைத் தாண்டி ஒரு பில் வந்தால் தோட்டத்துக் குடும்பம் என்ன செய்யும்? பெரும்பாலானவர்கள் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். கட்டவே தேவையில்லாத பணத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 188ஆவது பிரிவு, தொலைபேசி நிறுவனம் வாடிக்கையாளரிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், புகாரை முறையாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த பயனீட்டாளர் நெறிமுறை, கட்டணத்தைப் புரிகிற மொழியில் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விலையைத் தவறாக எண்ணவைப்பது குற்றம். 2011 முதல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளையும் அந்தச் சட்டத்தின் கீழ் எதிர்க்கலாம்.

இந்தியாவில் ரோமிங்குக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று நம் நாட்டில் உச்சவிலை எதுவும் கிடையாது. 2011இல் சிங்கப்பூரும் மலேசியாவும் பேசிக் கட்டணத்தைக் குறைத்தன, ஆனால் அது அந்த இரண்டு நாடுகளுக்கு இடையில், அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். 50 யூரோ ஆனதும் டேட்டா தானாக நின்றுவிடும் என்று சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அது ஐரோப்பிய ஒன்றியத்தில் சிம் வாங்கியவர்களுக்கான விதி. நம் சிம்முக்கு அது பொருந்தாது. அதை நம்பி டேட்டாவைத் திறந்து வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

உச்சவிலை இல்லை என்பதால், "பில் ரொம்ப அதிகம், குறையுங்கள்" என்று கேட்டால் அங்கேயே தோற்றுவிடுவீர்கள். கட்டணம் அதுதான் என்று ஓர் அட்டையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். "இந்த விலையை எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை", "முன்கூட்டியே ரோமிங் டேட்டா திட்டம் (பாஸ்) வாங்கியிருந்தேன், அதற்கு மேல் தனியாக ஏன் போட்டீர்கள்", "ரோமிங்கை மூடச் சொல்லியிருந்தேன், யார் திறந்தது" என்று கேளுங்கள். இந்த மூன்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறதோ, அது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கலந்து, கூடவே வீட்டுக் கஷ்டத்தையும் எழுதினால், பதில் போடுகிறவர் கஷ்டத்துக்கு ஒரு ஆறுதல் வரி போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவார்.

சரி, பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பாஸ் இல்லாமல் டேட்டா ஓடினால் எம்பி கணக்கில் போடுவார்கள். ஒரு எம்பிக்கு 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 200 எம்பிக்கே 2,000 ரிங்கிட். கல்யாண வீட்டில் நாலு வீடியோ அனுப்பினாலே 200 எம்பி ஆகிவிடும். நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் போன் தானாகப் படங்களைச் சேமிக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும், அதுவும் டேட்டாதான்.

பாஸ் வாங்கியவர்களும் மாட்டுகிறார்கள். சில பாஸ்களில் "ஒரு நாள்" என்பது மலேசிய நேரப்படி நள்ளிரவோடு முடிகிறது. நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதாவது ஊரில் இரவு 9:30 மணிக்கே உங்கள் நாள் முடிந்துவிடும். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேச உட்காருகிற நேரம் அது. அடுத்த நாளுக்குப் புதுப் பாஸ் தானாக ஏறினால் ஒரு நாள் காசு போகும், ஏறாவிட்டால் எம்பி கணக்கு ஓடும். வாங்கும்போதே "24 மணி நேரமா, மலேசிய நாளா" என்று கேட்டு, பதிலை எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

இன்னொன்று, பாஸ் எந்த நெட்வொர்க்கில் செல்லும் என்பது. சில பாஸ்கள் அங்கே ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்கில் மட்டும்தான் வேலை செய்யும். போன் தானாகத் தேடும் நிலையில் இருந்தால், கிராமத்தில் எந்தச் சிக்னல் பலமாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். விமானத்திலும் கப்பலிலும் கிடைக்கும் சிக்னல் எந்த நாட்டுப் பாஸிலும் பொதுவாகச் சேராது, விலையும் பயங்கரம். விமானம் ஏறியதும் ஏர்பிளேன் மோட் போடச் சொல்வதை உங்கள் பணத்துக்காகவும் கேளுங்கள். லங்காவியிலும் பாடாங் பெசாரிலும் தாய்லாந்துச் சிக்னல், ஜோகூர் பாரு கரையோரம் சிங்கப்பூர்ச் சிக்னல் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. நாட்டை விட்டே போகாதவருக்கு ரோமிங் பில் வருவது இப்படித்தான். அப்படி வந்தால், அந்த நாளில் நாட்டை விட்டே போகவில்லை என்று புகாரில் எழுதுங்கள்.

வாய்ஸ்மெயிலை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும்போது எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பினால், அழைப்பு அங்கே வந்து மறுபடி இங்கே திரும்பிய கணக்கில் இரண்டு முறை காசு எடுக்க வாய்ப்புண்டு. கிளம்பும் முன் அதை அணைத்துவிடுங்கள். வங்கி எஸ்எம்எஸ்ஸுக்காகச் சிம் வேண்டும் என்றால் சிம்மை வைத்துக்கொள்ளுங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் மூடுங்கள். எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வரும் அழைப்பை எடுத்தால் உண்டு.

திரும்பி வந்த மாதம் பில் சரியாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். வெளிநாட்டு நிறுவனம் கணக்கை அனுப்பத் தாமதமாகும், அடுத்த பில்லில்தான் முழுத்தொகை விழும். அதுவரை போர்டிங் பாஸ், பாஸ் வாங்கியதற்கான எஸ்எம்எஸ், "வருக" என்று அங்கே இறங்கியதும் வந்த கட்டண எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதீர்கள். அந்தக் கட்டண எஸ்எம்எஸ் வரவே இல்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள், அது உங்களுக்குச் சாதகமான செய்தி.

இனி, புகார் கொடுக்கத் தகுதி யாருக்கு என்கிற பொறி. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். போனைப் பயன்படுத்துகிறவர் யார் என்பது பிரச்சினையே இல்லை, லைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் கேள்வி. எதிர் வரிசை லயத்தில் ஓர் அக்கா. லைன் மருமகன் பெயரில், குடும்பத் திட்டத்தில் துணை லைனாக இருந்தது. மருமகன் சிங்கப்பூரில் வேலை. அக்கா அடையாள அட்டையான ஐசியைக் காட்டினார், பில்லைக் காட்டினார், போனையே மேசைமேல் வைத்தார். "அக்கவுண்ட் ஹோல்டர் வரணும்" என்பதற்கு மேல் அந்தக் கவுண்டரில் ஒரு வார்த்தை இல்லை. மருமகன் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய ஐசி நகலும் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால், அக்கா மூன்றாவது தடவை பஸ் ஏறியிருக்க வேண்டாம். நீங்கள் முதல் தடவையே கடிதத்தோடு போங்கள்.

கடைக்காரர் அவசரத்தில் யார் ஐசியிலோ சிம் பதிந்து கொடுத்திருந்தால், பயணத்துக்கு முன்பே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பில் வந்த பிறகு மாற்ற விடமாட்டார்கள். மளிகைக் கடை, லாரி கம்பெனி பெயரில் லைன் இருந்தால் இன்னும் மோசம். பயனீட்டாளர் சட்டம் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குகிறவரைத்தான் பயனீட்டாளர் என்கிறது. தொழில் பெயரில் இருக்கும் லைனுக்கு, பின்னால் சொல்லப்போகும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் நீங்கள் உள்ளேயே போக முடியாமல் போகலாம்.

புகார் கொடுக்கும் விதம். தெருக்கோடி போன் கடை ஏஜண்டிடம் சொன்னது புகார் ஆகாது. அவர் "நான் மேலே சொல்லிவிட்டேன் அண்ணே" என்பார், மேலே யாருக்கும் தெரியாது. நிறுவனத்துக்கு நேராக மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுதுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த எந்தக் கதவும் திறக்காது. தேதி, நேரம், நெட்வொர்க், எம்பி என்று பிரித்துக் காட்டும் விவரப் பட்டியல் கேளுங்கள். இழுத்தடித்தால், 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் தரவைக் கேட்பதாக ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அப்படிக் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், சிறு கட்டணம் கேட்கலாம். நீங்கள் ரோமிங்கை மூடச் சொல்லிப் பேசிய அழைப்பின் ஒலிப்பதிவையும் இதிலேயே கேட்கலாம். இந்த ஒரு வரி வந்ததும் பல இடங்களில் தொனி மாறிவிடுகிறது.

பில்லில் நீங்கள் ஒப்புக்கொள்கிற பகுதியைக் கட்டிவிடுங்கள். முழுவதையும் நிறுத்தினால் லைன் துண்டிப்பு, வசூல் ஏஜண்டு, கடன் பதிவில் பெயர் என்று வேறு வழியில் நெருக்குவார்கள். தகராறுத் தொகையை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தவணை முறைக்கு உடனே கையெழுத்து போடாதீர்கள், போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். "நல்லெண்ணமாகப் பாதியைக் கழிக்கிறோம்" என்று போனில் சொன்னால், மீதியைக் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த மாதம் கழித்த பாதி மறுபடி பில்லில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால் எம்சிஎம்சி என்கிற தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் போங்கள். எண் 1-800-188-030. பயனீட்டாளர் மன்றமான சிஎஃப்எம்மின் எண் 1-800-18-2222. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது நிறுவனத்தின் புகார் எண்ணைத்தான். ஆணையம் புகாரை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும், "மறுபடி அதே ஆளிடமா" என்று சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முறை அதை மேல்மட்டத்தில் ஒருவர் பார்ப்பார், பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். எல்லாரும் திரிபுனல் என்கிறார்களே, அதுதான். கவுண்டரில் யாரும் இதை வாயெடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆத்திரம் தரும் விஷயம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் அனுமதி இல்லை, அதனால் பெரிய நிறுவனம் பெரிய வக்கீலை இறக்கி உங்களை மிரட்ட முடியாது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், இன்னும் கட்டவில்லை என்றால் ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியை ரத்து செய்யவும் கேட்கலாம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் மன்றம் ஈப்போவில். மனுப் படிவமான போரங் 1ஐ இணையத்திலும் நிரப்பலாம்.

இதிலும் பொறிகள் உண்டு. பிரச்சினை எழுந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். எதிர்த்தரப்பு இடத்தில் விளம்பரத்தில் வரும் பெயரை எழுதாதீர்கள், பில்லின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும், சென்டிரியான் பெர்ஹாட் என்று முடியும் நிறுவனத்தின் பதிவுப் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். போன் கடைக்காரர் பெயரை எழுதினால் "பில் போட்டது நான் இல்லை" என்று அவர் கழன்றுகொள்வார், உங்கள் நாள் வீண். எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி சேர்க்க வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வசூல் கடிதம் வந்தால் மேசை டிராயரில் போட்டு மூடாதீர்கள். அவர்கள் முதலில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அந்த வழக்கு இருக்கும்வரை அதே விஷயத்தைத் திரிபுனலில் கேட்க முடியாது. நீங்கள் முதலில் திரிபுனலில் பதிந்துவிட்டால் அவர்கள் நீதிமன்றம் போக முடியாது. யார் முந்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

விசாரணை நாளில் போகாமல் இருக்காதீர்கள், மனு தள்ளுபடியாகலாம். தோட்டத்தில் லீவு கேட்க விசாரணைக் கடிதத்தின் நகலை முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுங்கள். போனையும் எடுத்துப் போங்கள், எஸ்எம்எஸ்களைப் படம் எடுத்துத் தாளிலும் அச்சடித்து வையுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் நடந்ததைத் தேதி வரிசையில் ஒரு பக்கம் மலாயில் எழுதிக் கொடுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து 14 நாளில் பணம் வராவிட்டால், அது வெறும் கடன் பாக்கி அல்ல, குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட் வரை, 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். தீர்ப்பு நகலோடு உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள், அங்கேயும் புகார் எண் வாங்கிக்கொண்டு வாருங்கள்.