எறும்புக் கூட்டில் சாதி இல்லை

எறும்புகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் தமிழ்க் குரலில் 'வேலைக்காரச் சாதி', 'சிப்பாய்ச் சாதி' என்று சென்ற வாரம் மறுபடியும் கேட்க நேர்ந்தது. ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்று கண்டவுடன் அகராதியைப் புரட்டிச் 'சாதி' என்று இட்டுவிடும் இப்பழக்கம் பாடக் குறிப்புகள் வரை பரவிவிட்டது.

'காஸ்ட்' என்பதன் மூலம் இனம், குலவழி எனப் பொருள்படும் 'காஸ்டா' என்னும் போர்த்துக்கீசியச் சொல். இந்தியாவுக்கு வந்த போர்த்துக்கீசியர் இங்கிருந்த பிறப்புவழிப் பிரிவுகளை அதனால் குறித்தனர். பின்னர் ஆங்கிலத்தின் வழியே அது பூச்சியியலுக்குள் நுழைந்தது. அங்கே அதற்குப் பொருள், ஒரே கூட்டில் உடலமைப்பாலும் செய்யும் வேலையாலும் வேறுபட்டு நிற்கும் பிரிவு என்பது மட்டுமே.

'சாதி'யோ பிறத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. பிறப்பால் அமைந்து மாறாமல் நிற்பதையே அது சுட்டும். எறும்புகளிடம் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கருவுற்ற முட்டைகள் பெண்களாகின்றன. அவற்றுள் எது ராணியாகும், எது வேலைக்காரியாகும் என்பதைப் பல இனங்களில் புழுப்பருவத்து உணவும் வெப்பமும் ஹார்மோன் எனப்படும் இயக்குநீருமே முடிவு செய்கின்றன. மரபணு முடிவு செய்யும் இனங்களும் உண்டு. ஆனால் அவை சிலவே. ஃபெய்டோலே என்னும் பெருந்தலை எறும்புகளில், நன்கு உண்ட புழுவின் உடலில் இளமை இயக்குநீர் ஓர் அளவைத் தாண்டினால் அது பெரிய தலையுள்ள சிப்பாயாகிறது, தாண்டாவிட்டால் அதன் உடன்பிறப்புகளைப் போலச் சிறிய வேலைக்காரியாகிறது. சிப்பாயைவிடவும் பெரிய தலையும் உடலும் கொண்ட மீச்சிப்பாய்களே இல்லாத சில ஃபெய்டோலே இனங்களின் புழுக்களுக்கு இந்த இயக்குநீரைத் தந்து மீச்சிப்பாய்களை உருவாக்கிக் காட்டிய ஆய்வு 2012இல் வெளியானது. மூதாதையரிடமிருந்து வந்த திறன் உள்ளே உறங்கிக் கிடந்திருக்கிறது. இந்தியாவில் வாழும் குதிக்கும் எறும்புகளிலோ, ராணி இறந்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துப் போட்டியிட்டு, வென்றவை தாமே முட்டையிடத் தொடங்குகின்றன. இப்படி நிலை மாறுவதற்குச் 'சாதி' என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

தொல்காப்பிய மரபியலிலேயே 'நீர்வாழ் சாதி' வருகிறதே, உயிர்களுக்கு அச்சொல் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், ஆனால் அங்கே அது வெவ்வேறு பிறப்புடைய உயிர்வகைகளைக் குறிக்கிறது. எறும்புச் சிப்பாயும் வேலைக்காரியும் ஒரு தாய் வயிற்று அக்கா தங்கைகள். மலட்டு வேலைக்காரிகளின் தனி உறுப்புகள் எப்படித் தலைமுறை தாண்டின என்ற கேள்வி தம் கொள்கைக்கே ஆபத்தாகத் தோன்றியதாக 1859இல் எழுதிய டார்வின், இயற்கைத் தேர்வு குடும்பத்தின் மீதும் இயங்கும் என்று அதற்கு விடை கண்டதும் இந்த ஒரே தாய் என்ற உண்மையைக் கொண்டுதான். 'சாதி' என்றவுடன் மறைந்துபோவது அந்த உண்மையே. 'இனம்' என்று மாற்றுவோர் அது 'ஸ்பீசிஸ்' என்பதற்கான கலைச்சொல்லாகி வெகுகாலமாயிற்று என்பதை மறக்கிறார்கள். 'வகை' எதையும் சொல்லவில்லை.

நான் ஆள்வது 'பணியுரு'. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூட்டைத் தொட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை: கையைக் கடித்துப் பிடித்துக்கொள்பவை பெரியவை, இலையைப் பிரித்தால் உள்ளே புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடுபவற்றில் சிறியவை நிறைய இருக்கும். பணிக்கேற்ற உரு, உருவுக்கேற்ற பணி. உடல் மாறாமல் வயதால் மட்டும் வேலை மாறுவதற்கு, அதாவது இளையவை புழு வளர்ப்பதும் முதியவை இரை தேடப் போவதுமான முறைக்கு, 'பணிப்பருவம்' எனத் தனிச்சொல் இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது ஆங்கிலத்தின் குழப்பம். அதை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

அதே படத்தில் சிப்பாயெறும்பை முழுக்க 'அவன்', 'இந்த வீரன்' என்றே சொல்லிச் சென்றார்கள். அதுவும் பெண்தான்.