சாக்கடைக்கும் எம்.பி., லைட்டருக்கும் எம்.பி.யா?

போன திங்கட்கிழமை ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பைக்குள் தெருச் சாக்கடையின் பதினோரு போட்டோக்கள். "டெல்லியில லைட்டரைப் பத்திப் பேசுறாரு, எங்க தெருவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல தம்பி" என்றார். இந்த மாதம் இதைச் சொன்ன நாலாவது ஆள் இவர். எம்.பி. அலுவலகத்தில் கேள்வியும் மனுவும் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. இனியும் பொறுக்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

சாக்கடையும் தெருவிளக்கும் உள்ளாட்சியின் பொறுப்பு. மத்திய அரசுக்குச் சம்பந்தமில்லாததை மக்களவையில் கேட்டால், கேள்வியே ஏற்கப்படாமல் திரும்பி வரும்.

அந்த லைட்டருக்கு வருவோம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற பெண்களின் கூலியில் கை வைத்தது இறக்குமதி சிகரெட் லைட்டர். அதைத் தடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கும் இல்லை, முதல்வருக்கும் இல்லை. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. பிறகு உதிரிபாகமாக வரத் தொடங்கியது. 2024 அக்டோபரில் அதற்கும் தடை வந்தது. இதில் எது ஊர் விஷயம், எது நாட்டு விஷயம்? "என் தொகுதி தீப்பெட்டி" என்று மட்டும் பேசினால் அனுதாபம் கிடைக்கும். இறக்குமதிக் கொள்கை என்று கேட்டால்தான் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. ஊரைப் பற்றி ஆவேசமாகப் பேசி வீடியோ போட்டுவிட்டு, நாடாளுமன்ற நிலைக்குழுக் கூட்டத்துக்குப் போகாத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை, அதாவது செலவுக்கு அவை கேட்கும் பணத்தை, 31 எம்.பி.க்கள் உட்கார்ந்து அலசும் இடம் அது. கேமரா கிடையாது, ஃபேஸ்புக்கில் போட ஒன்றும் தேறாது.

தொகுதி நிதி 5 கோடி இருக்கிறதே என்பீர்கள். வருடத்துக்கு அவ்வளவுதான், அதை ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்துப் பாருங்கள். அதிலும் எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், வேலையைச் செய்வது மாவட்ட நிர்வாகம்.

தயவுசெய்து, சாக்கடைக்கு முதலில் கவுன்சிலரைப் பிடியுங்கள். ரயில் நிற்க வேண்டுமென்றால் வண்டி எண், ஸ்டேஷன் பெயர், ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகல் எல்லாம் வேண்டும். "எல்லா ரயிலும் நிற்கணும்" என்று எழுதாதீர்கள். கேள்விக்கு 15 நாள் முன்னதாகவே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடி வராதீர்கள். கொடுத்தாலும் குலுக்கல் இருக்கிறது. வாய்மொழிப் பதிலுக்கு ஒரு நாளைக்கு 20 கேள்விதான்.

பெரியவரின் போட்டோக்களை மறுபடி புரட்டினேன். இரண்டில் தண்ணீர் தேங்கி நின்றது ரயில்வே சுரங்கப்பாதையில். அதை அவர் சொல்லவே இல்லை! அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, "சுரங்கப்பாதைக்கு முன்னாடி இருந்த பழைய ரயில்வே கேட் நம்பர் என்னங்க ஐயா?" என்றேன்.

"பார்த்துட்டு வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.