ஹிக்கா: வெட்டு அல்ல, அடி

மோசே வாளை உருவி எகிப்தியனை வெட்டினான் என்று போன வாரமும் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். போதகர் கையை ஓங்கி வீசியே காட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், யாத்திராகமம் 2:12 'எகிப்தியனை வெட்டி' என்றுதான் இருக்கிறது. மூலமொழியான எபிரெயத்திலோ அந்த இடத்தில் வாளும் இல்லை, வெட்டும் இல்லை.

அங்கே உள்ள வினை ஹிக்கா. வேரெழுத்துகள் நூன், காஃப், ஹே. நூன் காஃபோடு கலந்து இரட்டிக்கிறது. அகராதி தரும் 'நாகா' என்ற எளிய வடிவம் வேதத்தில் எங்குமே வராது. ஏறக்குறைய 500 இடங்களில் வரும் இந்த வினையின் அடிப்படைப் பொருள் அடி.

அதே அதிகாரத்தில் 11 முதல் 13 வரையுள்ள வசனங்களைச் சேர்த்துப் படியுங்கள். எகிப்தியன் எபிரெயனை அடிக்கிறான். மோசே அந்த எகிப்தியனை அடிக்கிறான். மறுநாள், சண்டை போடும் எபிரெயனிடம் போய், உன் தோழனை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறான். மூன்றும் ஒரே வினை. நேற்று அடித்தவன் இன்று அடிக்காதே என்கிறான்; கதையின் முடிச்சே இதுதான். தமிழில் முதலும் கடைசியும் 'அடி'யாக இருக்க, நடுவில் மட்டும் 'வெட்டு' வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டது. 14ஆம் வசனத்தில், என்னையும் கொல்லப் பார்க்கிறாயோ என்று அந்த எபிரெயன் திருப்பிக் கேட்கும்போதுதான் ஹாரக், அதாவது 'கொல்', என்ற வேறு வினை வருகிறது. கொலை என்று பேர் வைப்பது அவன்தான்.

பட்டயத்தால், அதாவது வாளால், வெட்டினான் என்று வரும் இடங்களிலும் இதே வினைதானே என்பார்கள். சரி, அங்கே மூலமே 'வாளின் வாயால்' என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன இடத்தில் வெட்டு என்று போடலாம். சொல்லாத இடத்தில் மோசே கையில் வாளைக் கொடுக்க நாம் யார்?

அடித்தான் என்றால் செத்தான் என்று ஆகுமா என்பது அடுத்த கேள்வி. தோட்டத்தில் பாம்பை அடித்தாயிற்று என்றால் யாராவது செத்ததா என்று கேட்கிறோமா? புலி மாட்டை அடித்துவிட்டது என்றாலும் அப்படித்தான். மிஞ்சினால் 'அடித்துக் கொன்று' என்று எழுதினால் தீர்ந்தது.

இதே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல் மக்கா. அடி, காயம் இரண்டுக்கும் அதுதான். அதை 'வாதை' ஆக்கிவிட்டோம். எகிப்துக்கு விழுந்தவை அடிகள். தொழிலில் பலத்த அடி என்று தினமும் சொல்கிற நமக்கு அது புரியாதா? யோனா 4:8இல் வெயிலுக்கும் இந்த வினைதான். வெயில் அடிக்கிறது என்பது நம் வாய்ப்பேச்சு. திருப்புதலிலோ வெயில் தலையில் 'படுகிறது'. இவ்வளவு பொருந்துகிற சொல் கைவசம் இருக்க ஏன் இந்தத் தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். 1 சாமுவேல் 24:5. தன்னைத் துரத்திவந்த சவுல் ராஜாவின் வஸ்திரத்தொங்கலை அறுத்த பிறகு தாவீதின் இருதயம் அவனை 'ஹிக்கா' செய்தது என்கிறது மூலம். மனம் அடித்துக்கொண்டது என்று எழுதினார்கள்.