முகச்சித்திரம் அன்று, உருவ ஓவியம்

அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில், ஜான் லேவரி 1922இல் தீட்டிய ஓவியத்தின் கீழே ‘காலின்ஸின் முகச்சித்திரம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ‘போர்ட்ரெயிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இச்சொல்லைப் பலமுறை கண்டு பொறுத்த பின்னரே இதை எழுதுகிறேன்.

பழைய பிரெஞ்சில் ‘வரைதல்’ என்னும் பொருள் தந்த வினையிலிருந்து வந்த சொல் ‘போர்ட்ரெயிட்’. அதன் லத்தீன் வேருக்கு ‘முன்னே இழுத்துக் கொணர்தல்’ என்பது பொருள். அதில் முகம் எங்கும் இல்லை.

முகமே இவ்வகை ஓவியத்தின் உயிர் என்பது முகச்சித்திரத்தை ஆதரிப்போரின் வாதம். ஓவியரின் உழைப்பில் பெரும்பகுதி முகத்துக்குச் செல்வதை நானும் மறுக்கவில்லை. ஆனால், லேவரியின் ஓவியத்தைச் சற்று நின்று பாருங்கள். 1922 ஆகஸ்டு 22 அன்று, 31 வயதில், கார்க் மாவட்டத்தில் பதுங்கியிருந்தோரால் சுட்டுக் கொல்லப்பட்ட காலின்ஸ் டப்ளினில் கிடத்தப்பட்டிருந்தபோது தீட்டியது அது. உடல்மேல் அயர்லாந்தின் மூவண்ணக் கொடி போர்த்தியிருக்கிறது. கீழே ‘அயர்லாந்தின் மீதான அன்பு’ என்னும் பொருளில் ஆங்கில எழுத்துகள் உள்ளன. கொடியையும் கிடந்த கோலத்தையும் விலக்கி, முகத்தை மட்டும் சொல்லும் பெயர் இந்த ஓவியத்துக்கு எப்படிப் பொருந்தும்? தலைமுதல் கால்வரை வரைந்த ஓவியத்தை ‘முழுநீள முகச்சித்திரம்’ என்று எழுதவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தயங்கவில்லை. அகராதியைப் பார்க்கும் கண் படத்தையும் ஒரு முறை பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

சித்திரம் வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. எனக்குத் தெளிவே முதன்மை. ‘உருவப்படம்’ பிழையான சொல்லன்று. படம் என்பதற்குத் துணி என்ற பழம்பொருளும் உண்டு என்பதால், துணிமேல் தீட்டிய ஓவியத்துக்கு அது அழகாகவே பொருந்தும். எனினும் இன்று படம் என்றதும் ஒளிப்படமோ திரைப்படமோதான் நினைவுக்கு வருகிறது. காலின்ஸுக்கு ஒளிப்படங்களும் இருப்பதால் வேறுபாடு இங்கே இன்றியமையாதது.

ஆகவே ‘உருவ ஓவியம்’ என்பதையே நான் கொள்கிறேன். அரசியின் தோற்றத்தைப் ‘புனையா ஓவியம் கடுப்ப’ (வண்ணம் தீட்டாத ஓவியம் போல) என்று சங்க நூலான நெடுநல்வாடை உவமித்தபோதே ஆளின் உருவும் ஓவியமும் இணைந்துவிட்டன. டப்ளின் ஹியூ லேன் காட்சிக்கூடத்திலுள்ள அந்த ஓவியத்தின் கீழே ‘மைக்கேல் காலின்ஸ், உருவ ஓவியம், லேவரி, 1922’ என்று எழுதினால் போதும்.